‘மாடு வாறார்’, ‘டொக்டர் வருது’: திணை ஏன் பிழைக்கிறது?

கேள்வி: சிங்களம் பேசும் அரச அலுவலர்களுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். விகுதி அட்டவணையைப் பாடமாக ஒப்புவிக்கிறார்கள். ஆனால் பேசும்போது ‘மாடு வாறார்’, ‘டொக்டர் வருது’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, ஓமந்தை

பதில்: பேச்சுச் சிங்களத்தில் வினை ஆளுக்கேற்ப மாறாது. மம யனவா, எயா யனவா, பல்லா யனவா. நான், அவர், நாய் எல்லோரும் போவதற்கு அதே ‘யனவா’தான். அதனால் வினையின் கடைசியைக் கவனிக்கும் பழக்கமே அவர்களுக்கு இல்லை. இன்னொன்று, அவர்களிடமும் ஒரு பிரிவு உண்டு. ‘இருக்கு’ என்று சொல்ல ஆளுக்கும் நாய்க்கும் ‘இன்னவா’, கதிரைக்கு ‘தியெனவா’. ஆளும் மிருகமும் ஒரு பக்கம், மற்றவை மறுபக்கம் என்பதே அங்கே கணக்கு. நமக்கோ ஆள் உயர்திணை; நாயும் கதிரையும் ஒரே பக்கம், அஃறிணை.

அட்டவணையை மூடி வையுங்கள். பலகையில் ஆட்கள், மிருகங்கள், பொருட்கள் என மூன்று நிரல் எழுதி, ஒவ்வொன்றிலும் நான்கு சொல் போடுங்கள். மிருகத்துக்கும் பொருளுக்கும் இடையில் சிங்களக் கோடு, ஆளுக்கும் மிருகத்துக்கும் இடையில் தமிழ்க் கோடு. இரண்டையும் வேறு வேறு நிறத்தில் இழுங்கள். சிக்கல் நடு நிரலில்தான். ஆகவே பயிற்சியில் பாதி மாடு, நாய், யானை, குரங்காக இருக்கட்டும். பெயரைத் தனியே சொல்ல விடவே வேண்டாம்: ‘மாடு வருது’, ‘யானை நிக்குது’. நிகழ்காலம் வாயில் படிந்த பிறகே இறந்தகாலம்.

ஆட்களுக்கு ‘வாறான், வாறாள்’ என்று தொடங்காதீர்கள். கந்தோருக்கு வரும் முதியவரை அப்படிச் சொன்னால் அவர் மனம் நோகும். ‘ஐயா வாறார்’, ‘ரீச்சர் வாறா’, ‘அவை வருகினம்’ என்ற மூன்றும் முதலில் போதும்.

அந்த ‘அவை’யில் ஒரு பொறி இருக்கிறது. வன்னியில் ‘அவை வருகினம்’ என்றால் ஆட்கள். பாடப்புத்தகத்தில் ‘அவை வருகின்றன’ என்றால் மாடுகளோ வண்டிகளோ. இரண்டையும் ஒரே கிழமையில் காட்டினால் படித்தது முழுவதும் குழம்பும். பேச்சுக்கு ஒரு கொப்பி, எழுத்துக்கு இன்னொரு கொப்பி வையுங்கள். பேச்சுக் கொப்பியில் மாடுகளுக்கு ‘அதுகள்’ என்றே எழுதட்டும். எழுத்துக் கொப்பியில் ஆட்களுக்கு ‘அவர்கள் வருகிறார்கள்’.

‘பிள்ளை அழுகுது’ என்பதைக் கேட்டு வந்து, பிள்ளை ஆள் இல்லையா என்று கட்டாயம் கேட்பார்கள். அது பிழையல்ல, திருத்தாதீர்கள். சின்னப் பிள்ளைக்குப் பேச்சில் அப்படிச் சொல்வது வழக்கம். பெயர் சொன்னால் பெரும்பாலும் விகுதி மாறும்: ‘பிள்ளை நித்திரை கொள்ளுது’, ‘மாலா நித்திரை கொள்ளுறாள்’. இந்தச் சோடியை அவர்கள் கேட்பதற்கு முன்பே பலகையில் எழுதிவிடுங்கள்.