வியட்நாமில் சைக்கிள் சுற்றுலா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வழிகாட்டியோடு வியட்நாமைச் சைக்கிளில் சுற்றுவது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு 56 வயது. காலையில் அரை மணி நேரம் நடப்பேன். சைக்கிளைத் தொட்டு முப்பது வருடமாகிறது. தினமும் 50 கி.மீ. என்கிறார்களே, முடியுமா? (மதுரை வாசகி)

முடியும், மூன்று மாதம் பழகினால். 50 கி.மீ. ஒரே மூச்சில் இல்லை. இளநீர், கரும்புச்சாறு, காப்பி என்று வழியெல்லாம் நிறுத்துவார்கள். தெற்கே மீகாங் ஆற்றுப் படுகையில் மேடே கிடையாது, பாலங்களில் ஏறுவதுதான் ஏற்றம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் 40 கி.மீ. மிதித்துவிட்டு ஆறு நாள் சும்மா இருப்பதுதான் பலர் செய்யும் தவறு. நேற்றைய வலியோடு இன்றைக்கும் ஏறி உட்காருவதற்கு உடம்பு பழக வேண்டும். கடைசி மாதத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு அடுத்தடுத்து முப்பது முப்பது கி.மீ. ஓட்டிப் பாருங்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவரானால், வெயிலில் மணிக்கணக்கில் மிதிக்கப்போவதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

களைத்தவர்கள் ஏறிக்கொள்ள, குழுவுக்குப் பின்னால் ஒரு வேன் வரும். அது உங்களுக்காகத்தான் வருகிறது. ஒருமுறை என்னோடு வந்தவர், வேனில் ஏறவே மாட்டேன் என்று மதிய வெயிலில் மிதித்தார். சாயந்திரம் தலைவலியும் வாந்தியுமாகப் படுத்தவர், அடுத்த இரண்டு நாளும் வேன் ஜன்னல் வழியாகத்தான் ஊரைப் பார்த்தார். அன்றைக்குப் பத்து கி.மீ. விட்டுக்கொடுத்திருந்தால் மிச்சம் நூறு கி.மீ. அவருக்குக் கிடைத்திருக்கும். எனக்கு இன்றைக்கும் அது வருத்தம்தான்.

உட்காருகிற இடம் வலிக்காமல் இருக்க ஜெல் சீட் கவர் வாங்கலாமா? (கோவை)

வேண்டாம். மெத்தென்ற கவர் முதல் அரை மணிக்குச் சுகமாக இருக்கும். பிறகு எலும்பு அதற்குள் அமிழ்ந்து, அழுத்தம் முழுவதும் சதையில் விழும். வலிக்குக் காரணம் பெரும்பாலும் சீட்டின் உயரம். சைக்கிளைக் கையில் வாங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். ஒரு பெடலைக் கடைசிவரை கீழே இறக்கி, அதன்மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் மடங்காமல் கால் நேராக நீண்டால் உயரம் சரி. மடங்கினால் சீட்டை ஏற்றுங்கள், இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்குங்கள். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள் இல்லையா, அப்போது முழங்காலில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். வழிகாட்டி சரிசெய்து தருவார், ஆனாலும் முதல் பத்து கி.மீ. போனதும் நிறுத்தி மறுபடி பாருங்கள். சரியான உயரத்தில் சீட் கம்பியில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் மறுநாள் தேட வேண்டாம்.

பேட் வைத்த சைக்கிள் டிராயர் அவசியம். அதற்குள் ஜட்டி போடக்கூடாது, தையல்தான் தோலை அறுக்கும். மூன்று கொண்டுபோங்கள், அந்த ஈரக்காற்றில் ராத்திரி துவைத்தது காலையில் காயாது.

சொந்த சைக்கிளைக் கொண்டுபோகலாமா? (சேலம்)

தேவையில்லை. பழகிய சீட்டையும் ஹெல்மெட்டையும் மட்டும் எடுத்துப் போங்கள்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா? (கும்பகோணம்)

இருக்காது, ஆனால் சொல்லும் விதம் முக்கியம். "கறி வேண்டாம்" என்றால் துண்டுகளை எடுத்துவிட்டு அதே எலும்புச் சாற்றில் நூடுல்ஸ் தருவார்கள். அவர்கள் கணக்கில் அது ஏமாற்று இல்லை. "தோய் ஆன் சாய்" என்று சொல்லுங்கள். 'நான் சைவம் சாப்பிடுகிறவன்' என்று பௌத்த முறையில் புரிந்துகொள்வார்கள். பலகையில் 'சாய்' என்று போட்ட கடைகள் பெரும்பாலான ஊர்களில் உண்டு. சந்திர மாதத்தின் முதல் நாளும் பௌர்ணமியன்றும் ஏராளமான வியட்நாமியர்களே சைவம்தான், அன்றைக்கு உங்கள் பாடு கொண்டாட்டம். மற்றக் கடைகளில் மீன் சாறான 'நுவோக் மாம்' எதில் இருக்கும் என்று சொல்ல முடியாது, அதற்குப் பதில் சோயா சாஸ் ஊற்றச் சொல்லுங்கள். பூண்டு போட்டு வதக்கிய ஒரு கீரை எங்கும் கிடைக்கும். நம் குளக்கரை வள்ளைக்கீரைதான் அது. சுடுசோறும் சோயா பன்னீரான டோஃபுவும் அந்தக் கீரையும் இருந்தால் 60 கி.மீ. ஓட்டலாம்.

ஹாய் வான் கணவாயை நினைத்தால் பயமாக இருக்கிறது. (சென்னை)

மத்திய வியட்நாமில் ஹுவே, டா நாங் நகரங்களுக்கு நடுவே உள்ள மலைக் கணவாய் அது, 496 மீட்டர் உயரம். 2005-இல் சுரங்கப்பாதை திறந்தபின் பெரும்பாலான லாரிகளும் பஸ்களும் அதற்குள் போகின்றன. சைக்கிளுக்கு அங்கே அனுமதி இல்லை என்பது நம் அதிர்ஷ்டம், மலைப்பாதை நமக்கு மிஞ்சியது. ஹுவேயிலிருந்து வரும்போது லாங் கோ என்ற ஊர்ப் பக்கம் சுமார் பத்து கி.மீ. ஏற்றம். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஏற முடிந்தால் அதுதான் சரியான வேகம்.

பயப்பட வேண்டியது இறக்கத்துக்கு. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் குறையும், விரலும் மரத்துப்போகும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். இன்னொரு ஆபத்து, அங்கே வண்டிகள் வலப்பக்கம் போவது. ஓடிக்கொண்டிருக்கும்போது முன்னால் போகிறவரைப் பார்த்துச் சரியாகவே போவோம். காப்பி குடித்துவிட்டு மறுபடி ஏறும் அந்த நிமிஷத்தில்தான் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் திருப்புவோம்.

எந்த மாதம் நல்லது? (யாழ்ப்பாணம்)

ஹுவே, ஹோய் ஆன் இருக்கும் மத்திய வியட்நாம் பக்கம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அக்டோபர், நவம்பரில் அங்கே பெருமழை, ஹோய் ஆன் பழைய தெருக்களில் படகு விடுவார்கள். மீகாங்குக்கு டிசம்பர் முதல் மார்ச். வியட்நாமியப் புத்தாண்டான 'டெட்' வாரத்தைத் தவிருங்கள், கடைகள் பலவும் மூடிக்கிடக்கும்.

மீ சோன் கோயில்களுக்காக ஒரு நாள் ஒதுக்கலாமா? (திருச்சி)

கட்டாயம். ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கி.மீ., வயல்களுக்கு நடுவே போகும் வழி. போகும்போது மிதியுங்கள், திரும்ப வேனில் வாருங்கள். நான்காம் நூற்றாண்டில், இந்தப் பகுதியை ஆண்ட பழைய சம்பா நாட்டின் அரசன் பத்ரவர்மன் தன் பெயரோடு சேர்த்து பத்ரேஸ்வரர் என்று சிவனுக்குக் கோயில் எழுப்பிய இடம் அது. கல்வெட்டுகளில் சமஸ்கிருதம் இருக்கிறது. இப்போது நிற்பவை பிற்காலத்துச் செங்கல் கோபுரங்கள். கிட்டே போய்ச் செங்கல்களின் இடுக்கைப் பாருங்கள், சாந்து வைத்த கோடே கண்ணுக்குத் தெரியாது. 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் மிகப் பெரிய கோபுரம் நொறுங்கியது, பக்கத்திலேயே குண்டு விழுந்த பள்ளங்கள் புல் மூடிக் கிடக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே சீரமைப்பு செய்தபோது, 2020-இல் மணற்கல்லில் ஒரே கல்லாய்ச் செதுக்கிய ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் ஒன்று கிடைத்தது. வழிகாட்டியிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். பத்து மணிக்குமேல் அந்தப் பள்ளத்தாக்கில் காற்றே அசையாது. அதனால் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.