பிள்ளைக்கறியும் நற்கருணையும் நரமாமிசத்தை நியாயப்படுத்துகின்றனவா?

சிவனடியாருக்கு அமுதாகச் சிறுத்தொண்டர் தம் மகனையே அரிந்து பிள்ளைக்கறி சமைத்ததையும், கத்தோலிக்கர் கிறிஸ்துவின் உடலென நம்பி நற்கருணை உட்கொள்வதையும் காட்டி, சமயங்களே ஏற்றுக்கொண்ட ஒன்றை ஏன் பாவம் என்கிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்க அயலவரோடு வளர்ந்த சைவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். இரண்டும் மனித ஊனை உண்ணலாகாது என்ற விலக்கை நம்பியே நிற்கின்றன. விலக்கு இல்லையெனில் இரண்டுக்கும் பொருள் இல்லை.

பெரியபுராணத்தில் வைரவ அடியாராக வந்த இறைவன் கேட்பது வெறும் ஊன் அன்று. ஐந்து வயதுடைய, உறுப்பிற் பழுதில்லாத, ஒரு குடிக்கு ஒரே மகனைத் தாய் பிடிக்கத் தந்தை அரியவேண்டும். இருவரும் மனம் உவந்து செய்யவேண்டும். வாதாபிப் போரை நடத்திய படைத்தலைவரான சிறுத்தொண்டருக்குக் கொலை புதிதன்று; தன் பிள்ளையை அரிவதுதான் அவராலும் எண்ணிப்பார்க்க முடியாதது. தலையிறைச்சி அமுதுக்கு ஆகாதென்று ஒதுக்கியதையும், அடியார் அதையே கேட்டபோது பணிப்பெண் சந்தனத்தாதியார் முன்பே சமைத்து வைத்திருந்ததை எடுத்து வந்ததையும், எங்கள் கோயிற் புராணபடனத்தில் பாட்டுக்குப் பயன் (பொருள்) சொல்பவர் விரிக்கும்போது, பெண்கள் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். அந்த நடுக்கத்தைச் சேக்கிழார் எங்கும் தணிக்கவில்லை. ஆனால் இறுதியில் அக்கறியை எவரும் உண்பதில்லை: அழைத்த குரலுக்கு மகன் சீராளர் ஓடிவருகிறார், உள்ளே அடியாரும் இல்லை, கறியும் இல்லை.

ஆயினும் ஓர் இடம் என்னை இன்றுவரை உறுத்துகிறது. பெற்றோர் மகிழ்கிறார்கள் என்று எண்ணி அந்தப் பிள்ளை சிரிக்கிறது. அதனிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. உயிர்பெற்று வந்ததால் இக்கேள்வி தீர்ந்துவிடும் என்று நான் கருதவில்லை.

நற்கருணையில் நிலை வேறு. அங்கே கொடுப்பவரே தம்மைக் கொடுக்கிறார். யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், தமது சதையை உண்ணவேண்டும் என்று இயேசு சொன்னதும் சீடர் பலர் இது கடினமான பேச்சென்று விலகிப்போனார்கள். அப்பமும் திராட்சை இரசமும் தம் தோற்றம் மாறாமல் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்பது 1215 இல் நான்காம் இலாத்தரன் சங்கம் உறுதிசெய்த போதனை. அங்கே எவரும் கொல்லப்படுவதில்லை, எவருடைய உடலும் குறைவதுமில்லை.

ஒழுக்கத்தை எடைபோட நடந்த நிகழ்ச்சிகளே ஏற்றவை. 1884 இல் மின்யோனெட் என்ற கப்பல் மூழ்கியபின், படகில் தவித்த டட்லி, ஸ்டீவன்ஸ் என்னும் இருவர், நோயுற்றுக் கிடந்த 17 வயதுப் பையன் ரிச்சர்ட் பார்க்கரைக் கொன்று, படகில் இருந்த மற்றவரோடு உண்டார்கள். உயிர்பிழைக்கும் தேவை கொலைக்கு நியாயமாகாது என்று ஆங்கில நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. அது பின்னர் ஆறுமாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. அத்தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன். குற்றம் உண்டதில் அன்று, பேசவும் வலுவற்ற ஒருவனைத் தெரிந்தெடுத்துக் கொன்றதில் இருக்கிறது.

1972 ஒக்டோபரில் அந்தீஸ் மலையில் விழுந்த உருகுவே விமானத்தில் 45 பேர் இருந்தார்கள். 16 பேர் மீண்டார்கள். இறந்தவரின் உடலை உண்டு உயிர்தரித்த அவர்களுட் சிலர் இயேசு தம் சீடருக்கு அளித்த இறுதி இராவுணவை நினைத்தே மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபை அதைப் பாவமெனக் கொள்ளவில்லை. அந்த ஒப்புமையைவிட என்னை இளக்குவது, பனிக்குள் கிடந்தபோது அவர்கள் தமக்குள் கொடுத்த வாக்கு: நான் இறந்தால் என் உடலை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். பார்க்கரிடம் எவரும் பெறாத சம்மதம் அது.