'திறக்காதீங்க' என்று சொல்லியே அனுப்புகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆபீஸ் குரூப்பில் வரும் வில்லங்கமான லிங்குகள் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன்.

கிருஷ்ணகிரி, மாங்கூழ் ஆலைக் கணக்கர்: குரூப்பில் ஒருவர் ஆபாச லிங்க் போட்டுவிட்டார். மற்றவர்களை எச்சரிக்க, அதையே இன்னொரு குரூப்பில் போட்டு 'யாரும் தொடாதீங்க' என்று எழுதினேன். மேனேஜர் இப்போது என்னைக் கூப்பிட்டு விசாரிக்கிறார். நான் செய்தது தப்பா?

பதில்: தப்புதான் சார். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 67 ஆபாசத்தை வெளியிடுவதோடு அனுப்புவதையும் சேர்த்தே சொல்கிறது. முதல் தடவைக்கே 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். நல்லெண்ணத்தில் அனுப்பினேன் என்று நீங்கள்தான் ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். எச்சரிக்கையில் லிங்க் இருக்கவே கூடாது. 'காலை 10.20-க்கு டிஸ்பாட்ச் குரூப்பில் வந்ததைத் திறக்க வேண்டாம்' என்றால் போதும். ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக வைத்துக்கொண்டு அட்மினிடம் தனியாகச் சொல்லுங்கள். எல்லாருக்கும் சேர்த்து அழிக்க அவரால் முடியும்.

ஊத்தங்கரை: அட்மின் நான்தான். யாரோ போட்டதற்கு என்னைப் பிடிப்பார்களா?

பதில்: உறுப்பினர் போட்டதற்காக மட்டும் அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொன்னது. அதற்காகச் சும்மா இருக்காதீர்கள், அழியுங்கள்.

பாலக்கோடு: மேலே 'ஆபீஸில் திறக்காதீர்' என்று போட்டுவிட்டு அனுப்பினால் என்ன? எல்லாரும் வளர்ந்தவர்கள்தானே?

பதில்: அப்படிப் போட்டால்தான் பத்துப் பேர் கூடுதலாகத் திறக்கிறார்கள்.

ஓசூர், பெண் சூப்பர்வைசர்: வேலை பேசும் குரூப்புக்கு அது ஏன் வர வேண்டும்? அதைக் கேளுங்கள் முதலில்.

பாலக்கோடு: பிடிக்காதவர்கள் திறக்காமல் விடலாமே மேடம்.

பதில்: மேடம் கேட்டதுதான் கேள்வி. போன மாதம் எங்கள் மீட்டிங்கில் புரொஜெக்டரில் மாட்டிய லேப்டாப்பில் வாட்ஸ்அப் திறந்திருந்தது. 'வீட்டில் போய்ப் பாருங்க' என்று பொறுப்பாக எழுதித்தான் ஒருவர் லிங்க் போட்டார். யாரும் தொடவில்லை. லிங்கோடு ஒட்டி வரும் சின்னப் படம் சுவரில் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. குவாலிட்டி செக்‌ஷன் பெண்கள் நான்கு பேர் எதிரில். அதில் ஒருவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். திறக்காமல் விடலாம் என்கிறீர்களே, அவர் எதைத் திறந்தார்? ஆபாசம் காட்டுவதே துன்புறுத்தல் என்று 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதற்கும் குறைவென்றால் மாவட்ட அளவிலான குழுவுக்கு எழுதலாம். 3 மாதத்துக்குள் எழுதிவிடுங்கள்.

பாலக்கோடு: லேப்டாப்பை அப்படி மாட்டியவர் மேல்தானே தப்பு?

பதில்: மாட்டியது நான். என் தப்பு ஒரு பங்கு. மிச்சம் லிங்க் போட்டவருக்கு.

அரூர்: மற்றவர்களை எச்சரிக்க அந்த லிங்கை அனுப்பலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

தருமபுரி: கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) வந்திருக்கிறது.

பதில்: இன்ஸ்டால் செய்யாதீர்கள். ஏற்கெனவே செய்து பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

பென்னாகரம்: லிங்கின் நடுவில் ஒரு ஸ்பேஸ் விட்டு அனுப்பி எச்சரித்தால்?

பதில்: ஸ்பேஸ் விட்டும் வேண்டாம் அண்ணே.