அப்பாவைப் பார்த்துக்கொள்கிற பையன் டாக்டராகத்தான் ஆக வேண்டுமா?

“பக்கவாதத்தில் என் கணவருக்கு வலது பக்கம் பலவீனமாகிவிட்டது. நான் வேலைக்குப் போகிறேன். காலையும் மாலையும் அவரைக் கவனிப்பது 17 வயது மகன்தான். மதிப்பெண் இறங்கிவிட்டது. ‘அப்பாவை இப்படித் தாங்குகிறவன் டாக்டர்தான் ஆகணும், ஒரு வருடம் வீட்டிலிருந்து நுழைவுத் தேர்வுக்குப் படிக்கட்டும்’ என்கிறார் அவன் பெரியப்பா.” ஒரு தாய் இப்படிக் கேட்டிருக்கிறார்.

அம்மா, உங்கள் சிரமம் புரிகிறது. ஆனால் இந்த யோசனைக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீட்டில் இருந்தால் அவன் படிக்கப்போவதில்லை, நாள் முழுக்க அப்பாவைத்தான் கவனிக்கப்போகிறான். மதிப்பெண் இறங்கியது நேரமும் தூக்கமும் இல்லாததால். அதே நிலைமையில் இன்னும் கடினமான தேர்வை அவன் தலையில் கட்டுவது அநியாயம்.

மருத்துவம், நர்சிங் பற்றி எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அப்பாவின் விரல்கள் சரியாக மூடவில்லை என்று ஸ்பூன் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கியிருக்கிறான். சட்டைப் பொத்தான்களை எடுத்துவிட்டு வெல்க்ரோ தைத்திருக்கிறான். யாரும் சொல்லித்தராமல் அவன் செய்த இதைத்தான் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் முறையாகப் படித்துச் செய்கிறார்கள்.

சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, எழுதுவது, திரும்ப வேலைக்குப் போவது என்று அன்றாட வாழ்க்கையை நோயாளி தானே நடத்த வழி செய்யும் துறை இது. சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். குளியலறையில் கைப்பிடி எங்கே வேண்டும், கட்டில் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று வீட்டுக்கே வந்து பார்த்துச் சொல்வார்கள். உடற்கூறியல், நரம்பியல், உளவியல் எல்லாம் பாடத்தில் உண்டு. பக்கவாதப் பிரிவு, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பள்ளி, மனநல மருத்துவமனை, முதியோர் இல்லம் என்று வேலை பல இடங்களில் இருக்கிறது. இந்தத் துறையின் உலகக் கூட்டமைப்பு 1952இல் தொடங்கியது. படிப்பில் குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி இருக்க வேண்டும் என்பது அதன் விதி. சேரும் முன் கல்லூரிக்கு அந்தக் கூட்டமைப்பின் அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். பல நாடுகளில் இளநிலைப் பட்டம் போதும், சிலவற்றில் முதுநிலை வேண்டும்.

ஆனால் இதையும் அவன்மேல் திணிக்காதீர்கள். இத்தனை நாள் கவனித்துக் களைத்த பிள்ளைக்கு நோயாளிகள் பக்கமே போகப் பிடிக்காமல் இருக்கலாம். பொருள் செய்வதில்தான் ஆசை என்றால் வடிவமைப்பு படிக்கட்டும். பெரியப்பா இல்லாத நேரத்தில் அவனிடமே கேளுங்கள்.

செலவு விஷயத்தில் நான் கறார். வைத்தியச் செலவு ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டை அடமானம் வைத்து எந்தக் கல்லூரி சீட்டும் வாங்கக் கூடாது. கட்டணம், தங்குமிடம் இரண்டோடு, அவன் இடத்தில் ஆள் வைக்கும் செலவையும் கூட்டுங்கள். இந்த மூன்றாவதை மறந்துவிடுகிற வீடுகளில்தான் பிள்ளை முதல் வருடமே படிப்பை விட்டுவிட்டுத் திரும்பி வருகிறான்.

அப்புறம், வகுப்பாசிரியரிடம் இந்த வாரமே நிலைமையைச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு என்ன உதவி தேவை என்று உள்ளாட்சி அமைப்பே மதிப்பிட வேண்டும். அப்படிச் சட்டம் இல்லாத இடத்திலும், விஷயம் தெரிந்தால் ஆசிரியர் வீட்டுப்பாடத்துக்கு அவகாசம் தருவார். பெரியப்பாவின் அக்கறை உண்மையானது, அதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தேர்வு முடியும்வரை மாலை 6 முதல் 9 வரை தன் தம்பியை, அதாவது உங்கள் கணவரை, அவர் வந்து கவனிக்கட்டும், பையன் அந்த நேரத்தில் நூலகத்தில் இருக்கட்டும்.