காலில் கன்றினால் விடுங்கள். காதில் கன்றினால் விடாதீர்கள்

சின்னக் குழந்தைகளின் உடம்பில் காரணம் தெரியாமல் தோன்றும் ரத்தக்கட்டு பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்குக் குழந்தைநல மருத்துவரும் ரத்தநோய் மருத்துவரும் சேர்ந்து தரும் பதில்கள்.

கேள்வி: மகனுக்கு இரண்டு வயது. எப்போது பார்த்தாலும் முழங்காலுக்குக் கீழே ஏழெட்டு இடத்தில் நீலமும் பச்சையுமாகக் கன்றிப்போய் இருக்கிறது. எங்கே இடித்துக்கொண்டான் என்று தெரிவதே இல்லை. போன வாரம் குளிப்பாட்டும்போது முதுகிலும் இரண்டு பார்த்தேன். "ரத்தத்தில் ஏதோ கோளாறு" என்கிறார் மாமியார். இத்தனை இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டாமா?

கால்களில் இருக்கும் எட்டைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் கண் போவது முதுகில் இருக்கும் இரண்டின் மேல்.

நடை பழகிய குழந்தை விழுவது முன்பக்கமாக. அப்போது அடிபடுவது தோலுக்கு அடியிலேயே எலும்பு இருக்கும் இடங்கள்: முழங்கால், முன்னங்கால் எலும்பு, நெற்றி, மோவாய். எலும்புக்கும் தரைக்கும் நடுவே தோல் நசுங்கி, அதிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைகின்றன. ஓடி ஆடும் வயதில் அந்த இடங்களில் ஒரே நேரத்தில் நாலைந்து கன்றல் இருப்பது சாதாரணம். எந்த அடி எதனால் என்று பெற்றோருக்குத் தெரியாமல் இருப்பதும் சாதாரணம்தான். விளையாட்டு மும்முரத்தில் பிள்ளை அழக்கூட மாட்டான்.

சதைப்பற்றான, மறைவான இடங்கள் அப்படித் தானாக அடிபடுவது அரிது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மார்பு, வயிறு, முதுகு, பிட்டம், கழுத்து, காது மடல், கன்னத்துச் சதை, தாடை மூலை, கண் இமை, மேலுதட்டை ஈறோடு இணைக்கும் சவ்வு ஆகியவற்றில் காயம் தெரிந்தால், ஒன்றே ஒன்றானாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். விரல் பதிந்தது போலவோ கோடு கோடாகவோ ஒரு வடிவத்தோடு இருந்தாலும் அப்படியே. முதுகில் உள்ளவை தண்டுவட எலும்பின் மேலேயே இருந்தால் எதிலாவது சாய்ந்து விழுந்திருக்கலாம். விலாப்பக்கச் சதையில் இருந்தால் அந்த விளக்கம் பொருந்தாது. எப்படியும் காட்டிவிடுங்கள். மருத்துவர் உடம்பு முழுவதும் பார்த்துவிட்டு, தேவையானால் பரிசோதனை எழுதுவார்.

அதற்கு முன் வீட்டில் ஒரு வேலை. பகல் வெளிச்சத்தில், துணி இல்லாமல், தலை முதல் பாதம் வரை பாருங்கள். காதுக்குப் பின்னாலும் வாய்க்குள்ளும் மறக்காமல் பாருங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்துத் தேதி குறியுங்கள். மாநிறமோ கறுப்போ ஆன தோலில் நிறம் சரியாகத் தெரியாது, அதனால் தடவியும் பாருங்கள். தட்டையாக இல்லாமல் உள்ளே உருண்டையாகக் கட்டி தட்டுப்பட்டால் அதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம்: "பச்சையாக இருக்கிறது, நாலு நாள் ஆகியிருக்கும்" என்று நிறத்தை வைத்து நாள் கணக்குப் போடாதீர்கள். ஒரே நேரத்தில் பட்ட இரண்டு அடிகள் இரண்டு விதமாக நிறம் மாறும். அனுபவமுள்ள மருத்துவர்களாலும் நிறத்தைப் பார்த்து நாளைச் சரியாகச் சொல்ல முடியாது.

கேள்வி: மூன்று வயது மகளுக்குச் சளிக்காய்ச்சல் வந்து போய் இரண்டு வாரம் இருக்கும். திடீரென்று கால்களிலும் மார்பிலும் ஊசிமுனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள், அங்கங்கே பெரிய நீலத் திட்டுகள். பிளேட்லெட் 14,000 என்று வந்தது. ஆனால் டாக்டர் மருந்தே தரவில்லை, "பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம்" என்கிறார். குழந்தை குதித்து விளையாடுகிறாள். இது அலட்சியம் இல்லையா?

அலட்சியம் இல்லை. எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் 'ஐ.டி.பி.' எனப்படும் நிலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. வைரஸை எதிர்க்க உருவான எதிர்ப்புப் புரதங்கள் தவறுதலாகத் தட்டணுக்களின் (பிளேட்லெட்டுகளின்) மேல் ஒட்டிக்கொள்ள, மண்ணீரல் அவற்றைப் பிடித்து அழித்துவிடும். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் அதிகம் வரும். சராசரியாக 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்க வேண்டிய தட்டணுக்கள் 20,000-க்குக் கீழே இறங்கிவிடும். குழந்தையோ ஒன்றுமே நடக்காதது போல இருப்பாள்.

14,000 என்றாலும் ரத்தம் கொட்டாததற்குக் காரணம் உண்டு. எலும்பு மஜ்ஜை புதிதாக உற்பத்தி செய்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த இளம் தட்டணுக்கள் உருவில் பெரியவை, ஒட்டும் திறன் அதிகம். குறைவாக இருந்தாலும் வேலை செய்யும். அதனால் தோலில் மட்டும் புள்ளிகள் இருந்தால், எண்ணிக்கை எவ்வளவு குறைவு என்றாலும் மருந்தில்லாமல் கவனிப்பதே இன்று ஏற்கப்பட்ட முறை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். மூளையில் ரத்தக்கசிவு நூறில் ஒருவருக்கும் குறைவு.

மூக்கு, ஈறு என்று ஈரமான இடங்களில் ரத்தம் வரத் தொடங்கினால் கணக்கு மாறும். அப்போது ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 2 முதல் 4 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஒரு வாரத்துக்கு மிகாமல் தருவார்கள். இல்லையென்றால் ஒரு கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்து ஒரே முறை நரம்பு வழியாக. வெளியிலிருந்து ஏற்றும் தட்டணுக்களும் அதே வேகத்தில் அழிக்கப்படும் என்பதால், உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு இல்லாமல் அவற்றை ஏற்றுவதில்லை.

நீங்கள் உறுதிசெய்துகொள்ள வேண்டியது ஒன்று: ஸ்மியர் பார்த்தார்களா? அதாவது ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. அதில் மூன்று காரியம் தெரியும். தட்டணுக்கள் உண்மையிலேயே குறைவா, அல்லது குழாயில் கொத்துக் கொத்தாக ஒட்டியதால் இயந்திரம் குறைத்து எண்ணிவிட்டதா? வெள்ளை அணுக்களில் புற்றுநோய்ச் செல்கள் இருக்கின்றனவா? மற்ற அணுக்கள் சரியாக இருக்கின்றனவா? ஸ்மியர் பார்க்காமல் ஸ்டீராய்டு ஆரம்பித்தால், ரத்தப் புற்றுநோய் இருந்தால் அது கொஞ்ச நாள் மறைந்துகொள்ளும். பிறகு கண்டுபிடிப்பதும் சிகிச்சையும் சிக்கலாகிவிடும்.

காத்திருக்கும் நாட்களில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபூபுரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும். தசை ஊசி வேண்டாம். உயரத்தில் ஏறுவது, சைக்கிள், தலையில் மோதும் விளையாட்டு எல்லாவற்றையும் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். மென்மையான பல் துலக்கி போதும். எண்ணிக்கையை ஏற்றும் என்று யாரோ சொல்லும் எதையும் கொடுத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவளுக்குத் தானாக ஏறப்போவதற்கு அது பெயர் தட்டிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

அவள் வெளிறினாலோ, விடாத காய்ச்சல் வந்தாலோ, கால் வலிக்கிறது என்று நடக்க மறுத்தாலோ, கழுத்தில் கட்டிகள் தெரிந்தாலோ, வயிறு பெருத்தாலோ இது ஐ.டி.பி. என்று சும்மா இருந்துவிடக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

கேள்வி: மூன்று மாதக் குழந்தையின் கன்னத்தில் சின்னதாக நீலத் தடம். இன்னும் புரளவே இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கிறான். கொசுக்கடி போல ஏதாவதாக இருக்குமா? அடுத்த வாரத் தடுப்பூசியின்போது காட்டினால் போதுமா?

போதாது. இதைப் படிக்கும் அன்றைக்கே கொண்டுபோங்கள்.

புரளாத குழந்தை தன்னைத்தானே அடித்துக்கொள்ள வழியில்லை. அந்த வயதில் ஒரு ரூபாய்க் காசை விடச் சின்னக் கன்றலும் பெரிய செய்திதான். ஒன்று ரத்தம் உறைவதில் குறை. அல்லது யாரோ, எதுவோ அழுத்தியிருக்க வேண்டும்.

பிறந்தவுடன் தொடையில் போடும் வைட்டமின் கே ஊசி (1 மில்லிகிராம்) போடப்பட்டதா என்று பிறப்புக் குறிப்பில் பாருங்கள். தாய்ப்பாலில் இந்த வைட்டமின் மிகக் குறைவு. ஊசி போடாத குழந்தைக்கு இரண்டாவது வாரம் முதல் ஆறு மாதம் வரை ரத்தக்கசிவு வரலாம். தொப்புளிலோ தோலிலோ சின்னதாகத் தெரிந்து, அடுத்த சில நாட்களில் மூளைக்குள் கசியக்கூடும். அந்தச் சின்னத் தடத்தைப் பார்த்த நாளில் வைட்டமின் கே கொடுத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

"யார் யார் தூக்குவார்கள், எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்பார்கள். எலும்புகளை எக்ஸ்ரே எடுப்பார்கள், கண்ணைப் பார்ப்பார்கள், தலையை ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். பெற்றோருக்கு அது குத்தும். ஆனால் இந்த வயதில் இப்படி வரும் எல்லாக் குழந்தைக்கும் இதையேதான் செய்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். தர்மசங்கடத்தில் ஒரு கதையை உண்டாக்கிச் சொல்லி, அடுத்த முறை அதையே மாற்றிச் சொல்வதுதான் சிக்கலை இழுத்துவிடும்.

கேள்வி: பத்து மாதப் பையன். தவழ ஆரம்பித்ததிலிருந்து, தூக்கும்போது நாம் பிடிக்கும் விலாப்பக்கத்தில் நீலமாக, உள்ளே கட்டியோடு தடிக்கிறது. பிளேட்லெட் 3,20,000. எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள்.

ரத்தம் நிற்க இரண்டு வேலை நடக்க வேண்டும். தட்டணுக்கள் ஓட்டையை அடைக்கும். பிறகு உறைவுப் புரதங்கள் அந்த அடைப்பின் மேல் வலை பின்னி இறுக்கும். இவனுக்கு முதல் வேலை மட்டும்தான் பார்க்கப்பட்டிருக்கிறது. கட்டியோடு வரும் கன்றல், அதுவும் ஆண் குழந்தைக்கு, தவழத் தொடங்கும் பருவத்தில் என்றால், உறைவுப் புரதம் பிறவியிலேயே குறைந்திருக்கும் ஹீமோபிலியாவைத்தான் தேட வேண்டும். "எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லையே" என்பது பதில் ஆகாது. மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குக் குடும்பத்தில் யாருக்கும் இருந்திருக்காது.

பி.டி., ஏ.பி.டி.டி. என்ற இரண்டு உறைவு நேரப் பரிசோதனைகளைக் கேளுங்கள். ஹீமோபிலியாவில் ஏ.பி.டி.டி. நீளும், பி.டி. சரியாக இருக்கும். பிறகு 8-ஆம், 9-ஆம் காரணிகள் எனப்படும் உறைவுப் புரதங்களை அளப்பார்கள். வான் வில்லிபிராண்ட் என்ற புரதத்தின் குறைபாடு என்று ஒன்று உண்டு. பரம்பரை ரத்தக்கசிவு நோய்களில் அதுவே அதிகம், பெண் குழந்தைக்கும் வரும். அதில் பி.டி., ஏ.பி.டி.டி. இரண்டுமே சரியாக இருக்கலாம், தனியாகத்தான் தேட வேண்டும். அந்தப் புரதம் அழுகையிலும் காய்ச்சலிலும் தற்காலிகமாக ஏறும். அழுது அரற்றிய குழந்தையிடம் எடுத்த ரத்தம் சரி என்று சொன்னால், சந்தேகம் இருக்கும்வரை இன்னொரு நாள் எடுப்பார்கள்.

இந்தப் பரிசோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் குழாயில். வெளிர்நீல மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ரத்தம் வேண்டும்: 0.3 மில்லி திரவம் என்றால் 2.7 மில்லி ரத்தம். சின்னக் குழந்தையின் நரம்பு கிடைக்காமல் பாதிக் குழாய் நிரம்பினால் சிட்ரேட் மிகையாகி, இல்லாத நோய் இருப்பதாக நேரம் நீளும். முடிவு வித்தியாசமாக வந்தால், கோடுவரை நிரம்பியதா என்று கேட்பது உங்கள் உரிமை.

முடிவு தெரியும்வரை தசை ஊசிக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். தடுப்பூசியைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

கேள்வி: ஐந்து வயது மகனின் பிட்டத்திலும் கால்களிலும் கைக்குத் தட்டுப்படும்படி மேடாகச் செந்நீலத் திட்டுகள். கணுக்கால் வீங்கியிருக்கிறது, வயிறு வலி என்கிறான்.

மேடாக, பிட்டத்திலிருந்து கீழே, கூடவே மூட்டும் வயிறும்: இது ரத்தக்குழாய்ச் சுவரில் வரும் அழற்சி, ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ். தட்டணு சரியாகவே இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது சிறுநீரகம். தோல் சில வாரத்தில் ஆறிவிடும் என்பதால் பலர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். ஆறு மாதமாவது சிறுநீரில் ரத்தமும் புரதமும் இருக்கிறதா, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வயிற்றுவலி சுருட்டிப் பிடித்து, மலத்தில் ரத்தம் வந்தால் காத்திருக்காதீர்கள். குடல் குடலுக்குள் செருகிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே நீலத் திட்டு. காப்பகத்தில் "அடித்தீர்களா?" என்று கேட்டுவிட்டார்கள்.

மச்சம் போன்றதுதான். வலிக்காது, வாரக்கணக்கில் பார்த்தாலும் பச்சை, மஞ்சள் என்று மாறாது. சில வருடங்களில் தானாக மங்கும். மருத்துவர் ஒருமுறை பார்த்து, குழந்தையின் குறிப்பேட்டில் அளவோடு எழுதித் தரட்டும். அதன் நகலைக் காப்பகத்தில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நள்ளிரவானாலும் ஓட வேண்டியது எப்போது?

காய்ச்சலோடு புள்ளிகள் தெரிந்தால். அழுத்திப் பார்க்க ஒரு தெளிவான கண்ணாடித் தம்ளர் போதும். அதன் பக்கவாட்டைப் புள்ளிகளின் மேல் நன்றாக அழுத்தி, கண்ணாடி வழியாகப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு வெளுத்து மறையும். தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம் மறையாது. கறுத்த தோலில் உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், மேலண்ணம் ஆகிய இடங்களில் பாருங்கள். மறையாத புள்ளிகளோடு குழந்தை துவண்டுபோயிருந்தால் மூளைக்காய்ச்சல் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். மணிக்கணக்கு அல்ல, நிமிடக்கணக்கு. பலமாக இருமியோ வாந்தி எடுத்தோ இருந்தால் முகத்திலும் கழுத்திலும் மட்டும் சில புள்ளிகள் வருவதுண்டு. மார்புக் காம்புக்குக் கீழே இறங்கினால் அந்தச் சமாதானம் செல்லாது.

தட்டணு குறைந்த குழந்தையோ ஹீமோபிலியாக் குழந்தையோ தலையில் அடிபட்டால், வீக்கம் இல்லாவிட்டாலும் போக வேண்டும். மூக்கில் ரத்தம் வந்தால் படுக்கவைக்காமல் முன்னால் குனிந்து உட்காரவைத்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியைப் பத்து நிமிடம், நடுவில் விட்டுப் பார்க்காமல், பிடியுங்கள். இரண்டாவது பத்து நிமிடத்திலும் நிற்காவிட்டால் பிடித்தபடியே கிளம்புங்கள்.