பழைய தவளை, பாம்பு ஜாடிகளுக்கு அட்டவணை போடுவது எப்படி?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில் சுமார் நூறாண்டுப் பழமையான தவளை, பல்லி, பாம்பு மாதிரிகள் இருக்கின்றன. பதிவேட்டில் பாதியைக் காணோம். சில ஜாடிகளில் திரவம் வற்றிவிட்டது. இனங்களை அடையாளம் காண்பதில் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். இனப்பெயரை எப்போது வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். மாதிரிக்கும் அதன் சீட்டுக்கும் உள்ள தொடர்பு அறுந்தால் எந்த நிபுணராலும் மீட்க முடியாது. எனவே ஜாடியைத் திறக்கும் முன், அது அலமாரியில் இருக்கும் இடத்திலேயே வெளிச்சீட்டு, உள்சீட்டு, மூடியில் உள்ள எழுத்து எல்லாவற்றையும் படமெடுங்கள்.

பிறகு எண். ஒரே ஜாடியில் ஆறு தவளைகள் இருந்தால் ஆறு எண்கள் வேண்டும். தலைப்பிரட்டைகளுக்கு மட்டும் ஜாடிக்கு ஓர் எண் போட்டு, எத்தனை என்று குறித்தால் போதும். எண் சீட்டைப் பருத்தி நூலால் கட்டுங்கள்: தவளைக்கு முழங்காலுக்கு மேல், பல்லிக்கு இடுப்பில், பாம்புக்குக் கழுத்துக்குச் சற்றுக் கீழே. பென்சில் அல்லது கார்பன் மை மட்டுமே. பால்பாயிண்ட், இங்க்ஜெட் மைகள் ஆல்கஹாலில் கரைந்து, வெறும் சீட்டுதான் மிஞ்சும். பழைய சீட்டு கிழிந்திருந்தாலும் அதே ஜாடிக்குள் இருக்கட்டும்.

அதிகம் பிழை நேர்வது இடப்பெயரில். 1910-ஆம் ஆண்டுச் சீட்டில் ‘மெட்ராஸ்’ என்றிருந்தால் அது நகரமாகவும் இருக்கலாம், மாகாணமாகவும் இருக்கலாம். அன்றைய மாகாணம் வடக்கே (இன்றைய ஒடிசாவில் உள்ள) கஞ்சம் முதல் தெற்கே திருநெல்வேலி வரை பரந்திருந்தது. மலபாரும் அதில் அடக்கம். அதைச் ‘சென்னை’ என்று திருத்தி எழுதினால், மலைக்காட்டுத் தவளை ஒன்று கடற்கரைத் தவளையாகிவிடும். சீட்டில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் ஒரு பத்தியில் எழுதுங்கள். உங்கள் ஊகமும் அதற்கான காரணமும் வேறு பத்தியில் வரட்டும்.

பெயருக்கும் இதே முறைதான். பூஃபோ மெலனோஸ்டிக்டஸ் என்ற தேரை இன்று டுட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ், இது எளிது. ஆனால் ரானா லிம்னோகாரிஸ் என்ற பழைய பெயருக்குள் இன்று பல இனங்கள் பிரிந்துவிட்டன. மாதிரியைப் பார்க்காமல் கணினியில் மொத்தமாகப் பெயர் மாற்றாதீர்கள்.

திரவத்தை முகர்ந்து பார்க்காதீர்கள், திரவத்தின் ஒப்படர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் போதும். 70% எத்தனால் 0.89 அருகே காட்டும், ஃபார்மலின் 1.0-க்குக் கீழே போகாது. அடியில் வெள்ளை வண்டல் இருந்தாலும் ஃபார்மலின் என்று சந்தேகிக்கலாம். தாங்கல் கரைசல் (அமிலத்தன்மை மாறாமல் காப்பது) சேர்க்காத ஃபார்மலின் நாளடைவில் அமிலமாகி எலும்பின் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். எனவே ஃபார்மலினில் உள்ள வளர்ந்த விலங்குகளை நீரில் அலசி, 30, 50, 70 சதவீத எத்தனாலுக்குப் படிப்படியாக மாற்றுங்கள். நேரடியாக இறக்கினால் சுருங்கும். 95% ரெக்டிஃபைட் ஸ்பிரிட் 737 மி.லி. எடுத்து, வாலை வடிநீர் சேர்த்து 1 லிட்டராக்கினால் 70% கிடைக்கும். தலைப்பிரட்டைகளை மாற்ற வேண்டாம்; தாங்கல் கரைசல் சேர்த்த 10% ஃபார்மலினே அவற்றுக்கு ஏற்றது. முழுக்கக் காய்ந்துபோன மாதிரிக்கு எண் மட்டும் போட்டு, காய்ந்த நிலையிலேயே தனியாக வையுங்கள். ஆல்கஹால் ஊற்றினால் அது மீளாது.

இறுகிய கண்ணாடி மூடியைச் சூடுகாட்டித் திறக்க முயலாதீர்கள், ஆல்கஹால் ஆவி தீப்பற்றும். உலர்ந்த தோல்களில், பூச்சி அரிக்காமல் இருக்க அந்நாளில் பூசிய ஆர்சனிக் சோப்பு என்ற நச்சு இருக்கக்கூடும். நைட்ரைல் கையுறை போட்டே தொடுங்கள். அட்டவணையிலும் ‘ஆர்சனிக் இருக்கலாம்’ என்று குறியுங்கள்.