கடைக்காரர் உழைக்கிறார், கடை இருக்கும் இடம் சம்பாதிக்கிறது

நாகர்கோவிலில் எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில், உற்பத்தி செய்கிறவர் கையில் ஏன் காசு நிற்பதில்லை என்று பேசினேன். உழைப்பில் வருவதை இடத்தின் வாடகையும் கடனும் உறிஞ்சிவிடுகின்றன, அதனால் மண்ணின் மதிப்புக்கு வரி போடலாம் என்பது என் வாதம். கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவிலேயே காலம் தள்ளியவன் என்பதால், பேச்சு முடிந்ததும் சீட்டுச் சீட்டாகக் கேள்விகள் வந்தன. அன்றைக்கு நேரம் போதவில்லை. விட்டுப்போனவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்; ஊரும் தொழிலும் மட்டும் இருக்கட்டும்.

மார்த்தாண்டம், பேக்கரி: அண்ணாச்சி, ஐந்து வருடத்தில் வியாபாரம் இரண்டு மடங்கு ஆயிற்று. கையில் நிற்பது பழைய காசுதான். எங்கே ஓட்டை?

உங்கள் கணக்குப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். மாத விற்பனை 4 லட்சம். மைதா, சர்க்கரை, நெய் வகைக்கு 2 லட்சத்து 20 ஆயிரம். சம்பளம், கரண்ட், கேஸ் எல்லாம் 90 ஆயிரம். மிச்சம் 90 ஆயிரம். இதுதான் உங்கள் கடை உண்டாக்கிய வருமானம். அதில் கட்டட வாடகை 35 ஆயிரம். கடைக்கு முன்பணம் கொடுக்க வாங்கிய கடனுக்கும், அடுப்புக்கு வாங்கிய கடனுக்கும் சேர்த்துத் தவணை 28 ஆயிரம். விடியற்காலையில் எழுந்து மாவு பிசைகிறவருக்கு 27 ஆயிரம்.

ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். கடையில் கூட்டம் நிற்பதை உரிமையாளர் பார்க்கிறார். "எதிர்க்கடைக்காரன் 45க்குக் கேட்கிறான்" என்கிறார். அவர் சொல்வது பொய்யும் இல்லை. பஸ் நிறுத்தம், ஜங்ஷன், நாலு பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்து போகும் ஜனம் என்று அந்த இடத்துக்கென்றே ஒரு வருமானம் இருக்கிறது. யார் அங்கே கடை போட்டாலும் அது கிடைக்கும். ஆகவே அதைப் போட்டி போட்டு வாடகையாகக் கொடுத்துவிடுவார்கள்.

இங்கிலாந்தில் பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817இல் இதைத்தான் வயலை வைத்து விளக்கினார். எல்லா நிலத்திலும் ஒரே உழைப்புதான். ஆனால் வளமான நிலத்தில் கூடுதலாக விளைவது குத்தகைக்காரருக்கு நிற்காது, நிலக்காரருக்குப் போய்விடும் என்றார். அங்கே 1815இல் நிலக்காரர்கள் நிறைந்த பாராளுமன்றம் வெளிநாட்டுத் தானியத்தைத் தடுக்க ஒரு சட்டமே போட்டது. ரொட்டி விலை ஏறியது, குத்தகை ஏறியது. தொழிற்சாலைக்காரர்களும் தொழிலாளர்களும் ஒரே பக்கம் நின்று எதிர்த்த அபூர்வமான விஷயம் அது. 1846இல்தான் நீங்கியது. வளத்தை எடுத்துவிட்டு ஜங்ஷனை வைத்துப் பாருங்கள், உங்கள் கதைதான்.

உங்கள் பன்னின் கைப்பக்குவத்துக்காக வருகிறவர்கள் தரும் காசு உங்களுக்கு நிற்கும். இடத்துக்காக வருகிறவர்கள் தரும் காசு நிற்காது. ஓட்டை அங்கேதான்.

தக்கலை, கல்லூரி மாணவி: சார், என் அப்பா ஓய்வுபெற்ற பணத்தில் இரண்டு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். அவரும் உறிஞ்சுகிறவர்தானா?

இல்லை அம்மா. அப்பாவை விட்டுவிடுங்கள்.

செங்கல், சிமென்ட், கொத்தனார் கூலி என்று போட்ட முதலுக்கு வரும் வருமானம் வேறு. ஓடு உடைந்தால் அவர் மாற்ற வேண்டும், வெள்ளை அடிக்க வேண்டும், ஆள் இல்லாத மாதம் நஷ்டம். அது ஒரு சேவைக்கான விலை. நான் சொல்வது வீட்டுக்கு அடியில் இருக்கும் மண்ணின் விலையை. அந்த வீடு பழசாகப் பழசாக மதிப்பு குறைகிறது. அது நிற்கும் ஐந்து சென்ட் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அந்த ஏற்றத்தை உண்டாக்கியது பக்கத்தில் வந்த ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. எல்லாரும் சேர்ந்து உண்டாக்கியது, பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகிறது. உங்கள் அப்பா அதில் சின்னப் பங்காளி, அவ்வளவுதான். ரோடு வரப்போவது முன்கூட்டியே காதில் விழுந்து ஏக்கர் கணக்கில் வளைத்துப் போடுகிறவரோடு அவரை ஒரே தராசில் வைக்கக் கூடாது.

குளச்சல், வள்ளம் வைத்திருப்பவர்: ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கி எஞ்சின் எடுத்தேன். அவர் வட்டி கேட்பதில்லை. மீனை அவர் வழியாகத்தான் விற்க வேண்டும், கமிஷன் பிடிப்பார். இது நல்ல ஏற்பாடு என்கிறார் என் மச்சான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் மச்சானிடம் ஒன்று கேளுங்கள்: கமிஷன் எப்போது நிற்கும்?

வட்டிக்கு ஒரு முடிவு உண்டு. முதலைக் கட்டினால் வட்டி நின்றுவிடும். இந்த முன்பணத்தில் முதல் குறைவதே இல்லை. பாடு, அதாவது கிடைக்கும் மீன், நன்றாக இருந்தாலும் கமிஷன், சாளை மீன் மலிந்து விலை விழுந்தாலும் கமிஷன். அதைவிடப் பெரிய செலவு ஒன்று கண்ணுக்குத் தெரியாது. கரையில் இன்னொருவர் கூடுதல் விலைக்குக் கேட்டாலும் உங்களால் கொடுக்க முடியாது. கடன் கொடுத்தவர் விலையையும் கையில் வைத்துக்கொண்டார். எஞ்சின் தேய்கிறது, வலை கிழிகிறது. அவருடைய முன்பணம் மட்டும் புதுசாகவே இருக்கிறது.

ஏலக்காரர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். வியாபாரியிடம் பணம் வசூலித்துத் தருவது, புயல் மாதத்தில் கைமாற்று கொடுப்பது எல்லாம் வேலைதான். அந்த வேலைக்கு உரியது எவ்வளவு, நீங்கள் வேறெங்கும் போக முடியாது என்பதற்காகப் பிடிப்பது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்.

இதற்கு மாற்று நம் கடற்கரையிலேயே உண்டு. 1970களில் கோட்டாறு சமூக சேவை சங்கம் நம் கடலோர ஊர்களில் மீனவர் சங்கங்களைத் தொடங்கியது. 1980இல் இத்தகைய சங்கங்கள் சேர்ந்து தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. சங்கமே ஏலம் விடும். விற்ற பணத்தில் ஒரு பங்கைக் கடனுக்கும் ஒரு பங்கைச் சேமிப்புக்கும் பிடிக்கும். பாடு இல்லாத நாளில் பிடித்தம் இல்லை. முக்கியமான விஷயம், ஒவ்வொரு பிடித்தத்திலும் கடன் குறையும். உங்கள் ஊரில் சங்கம் இயங்கினால் போய்க் கேளுங்கள். முதல் வேலையாக, போன வருடம் முழுக்கக் கமிஷனாகப் போனது எவ்வளவு என்று ஒரு நோட்டில் கூட்டிப் பாருங்கள்.

புதுக்கடை, முந்திரி ஆலை: சார், வீடு கட்டவும் மனை வாங்கவும் வங்கிக்காரர் தேடி வந்து கடன் தருகிறார். கொட்டை வாங்க நடைமுறை மூலதனம் கேட்டால் ஆறு மாதம் அலைய விடுகிறார். ஏன்?

நானும் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவன், அதனால் நேராகவே சொல்கிறேன். கடன் கேட்டு வருகிறவரிடம் எங்கள் வாயில் முதலில் வரும் கேள்வி "என்ன தொழில்?" அல்ல, "என்ன இடம் இருக்கு?" என்பதுதான். தொழிலை எடைபோட ஆலைக்குப் போக வேண்டும், கொட்டை விலையும் பருப்பு விலையும் தெரிய வேண்டும், தப்பானால் விளக்கம் எழுத வேண்டும். இடம் என்றால் பத்திரம், வில்லங்கம், வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர் சான்று. நாலு காகிதத்தில் முடிந்தது. மேலிடமும் கேள்வி கேட்காது.

இது ஒரு கிளையின் சோம்பல் என்றால் விட்டுவிடலாம். வளர்ந்த 17 நாடுகளின் வங்கிக் கணக்கை ஆராய்ந்ததில், மொத்தக் கடனில் நிலம், வீட்டு அடமானக் கடனின் பங்கு 1900 வாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த நூற்றாண்டில் சுமார் 60 சதவீதம். நம் நாட்டிலும் தொழில்துறைக்குப் போகும் கடனை தனிநபர் கடன் தாண்டிவிட்டது. வீட்டுக்கடன் அதற்குள் அடக்கம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வங்கி யாரோ போட்ட டெபாசிட்டை எடுத்து இன்னொருவருக்குத் தருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் கடன் எழுதும்போதே புதுப் பணம் உண்டாகிறது. இங்கிலாந்தின் மத்திய வங்கி 2014இல் இதை வெளிப்படையாகவே எழுதியது. அந்தப் புதுப் பணம் உங்கள் ஆலைக்கு வந்தால் கூடுதல் பருப்பு உடைபடும், பத்துப் பெண்களுக்கு வேலை கிடைக்கும். ஏற்கெனவே இருக்கிற மனையை வாங்கப் போனால் மனை கூடாது, விலைதான் கூடும். விலை கூடினால் அடமான மதிப்பு கூடும், அடுத்தவருக்கு இன்னும் பெரிய கடன் கிடைக்கும். ஜப்பானில் 1980களில் இப்படித்தான் ஊதி, 1990களின் தொடக்கத்தில் உடைந்தது. அங்கே நல்ல கம்பெனிகள்கூட பத்து வருடத்துக்கு மேல் கடன் அடைப்பதிலேயே கழித்தன.

புதுக்கட்டடத்துக்குக் கொடுக்கும் கடனை இதில் சேர்க்கவில்லை. அதில் வேலை நடக்கிறது.

வடசேரி, காய்கறிக் கடை: தினத் தண்டல் 10,000 வாங்கினால் 9,000 கையில் தருகிறார்கள். நாள் 100 வீதம் 100 நாள். ஆயிரம் ரூபாய்தானே வட்டி, பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை, அம்மா. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறீர்கள். சராசரியாக உங்கள் கையில் இருப்பது நாலரை ஆயிரம்தான். நாலரை ஆயிரத்துக்கு நூறு நாளில் ஆயிரம் என்றால் வருடத்துக்கு 80 சதவீதத்தை ஒட்டி வரும். தினவட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி எல்லாவற்றையும் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நகைக்கடனோ, மகளிர் குழுக் கடனோ எடுத்து இதை முதலில் அடையுங்கள்.

நாகர்கோவில், வழக்கறிஞர்: ரிக்கார்டோ, ஜப்பான் எல்லாம் சரி. நம் மண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நீங்கள் கேட்பதுதான் வேடிக்கை. இந்த மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. ஜன்மி (நிலக்காரர்), குடியான் (அதில் பயிர் செய்கிறவர்), பாட்டம் (குத்தகை) என்று நம் தாத்தா காலத்துப் பத்திரங்களைப் புரட்டினாலே இந்த வழக்கு முழுக்க இருக்கிறது.

மன்னர் ஆயில்யம் திருநாள் காலத்தில், மாதவராவ் திவானாக இருந்தபோது, 1865இல் பாட்ட விளம்பரம் என்ற அரச அறிவிப்பு வந்தது. சர்க்கார் நிலத்தில் பாட்டத்துக்கு உழுதவர்களுக்கு விற்கவும் வாரிசுக்குக் கொடுக்கவும் உரிமை கிடைத்தது. மேடு திருத்தி மரம் வைத்தால் அது தன்னுடையது என்ற தைரியம் வந்தது. ஜன்மி நிலத்தில் இருந்தவர்களுக்கு அவ்வளவு இல்லை. அவர்களுக்காக 1896இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. பத்மநாபசுவாமி கோயிலுக்கு உரிய ஸ்ரீபண்டாரவகை நிலங்களுக்கு நம் மாவட்டத்தில் 1964இல்தான் சட்டம் வந்து, அவை அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டும் ரயத்துவாரி நிலங்களாக மாறின.

வரியைப் பாருங்கள். பனையேறிக்குத் தலைக்கு வரி, அவன் ஏறும் ஏணிக்கு வரி. ஏறி இறங்கும் உடம்புக்கும் கருவிக்கும் வரி இருந்தது. பெரிய நிலங்களில் பல இறையிலி, அதாவது வரி இல்லாதவை. அய்யா வைகுண்டர் சாமித்தோப்பில் இருந்து குரல் கொடுத்த காலத்து நிலைமை இது. இன்று பேக்கரிக்காரர் பட்டர் பேப்பருக்கும் ஜிஎஸ்டி கட்டுகிறார். கிராமப்புற விவசாய நிலத்தை விற்றுக் கோடி பார்த்தாலும், வருமான வரிச் சட்டப்படி அது மூலதனச் சொத்தே அல்ல, ஆதாய வரி கிடையாது. உழுகிறவருக்காக வைத்த சலுகை அது. வயலை வாங்கி உழாமல் போட்டு வைத்து விற்பவரும் அதே வாசல் வழியாகவே போகிறார்.

பேச்சிப்பாறை அணையை 1906இல் அரசு கட்டி முடித்தது. தண்ணீர் எட்டிய வயலுக்கு மதிப்பு ஏறியது. அந்த நாஞ்சில் வயல்களில் இன்று மண் அடித்து பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். அணையும் கால்வாயும் பொதுப்பணம், நாலுவழிச் சாலையும் பொதுப்பணம். சென்ட் விலை மட்டும் தனிப்பணம்.

குலசேகரம், ரப்பர் விவசாயி: மண்ணின் மதிப்புக்கு வரி போடலாம் என்றீர்கள். போட்டால் அதை வாடகையில் ஏற்றிவிட மாட்டார்களா?

கூட்டத்தில் வந்த கேள்விகளிலேயே கூர்மையானது இது. பன்னுக்கு வரி போட்டால் பன் சுடுகிறவர் குறைவார். பன் குறையும், விலை ஏறும், வாங்குகிறவர் தலையில் விழும். மண்ணுக்கு வரி போட்டால் மண் குறையாது. வாடகை ஏற்கெனவே வாடகைக்காரரால் எவ்வளவு தர முடியுமோ அந்த எல்லையில்தான் நிற்கிறது. இன்னும் ஏற்ற முடியும் என்றால் வரி வருவதற்கு முன்பே ஏற்றியிருப்பார்களே! போதாததற்கு, சும்மா போட்டு வைத்த மனைக்கும் வரி கட்ட வேண்டும் என்றால் அதை விற்கவோ கட்டவோ செய்வார்கள். இடம் சந்தைக்கு வரும்.

அமெரிக்காவில் பொருளியல் எழுத்தாளர் ஹென்றி ஜார்ஜ் 1879இல் இதைப் பெரிய இயக்கமாகவே ஆக்கினார். சீனப் புரட்சித் தலைவர் சன் யாட்-சென் அதில் ஈர்க்கப்பட்டார். தைவானில் இன்றும் நில மதிப்பு வரி இருக்கிறது. எஸ்டோனியாவில் நில வரி கட்டடத்தைத் தொடாது, மண்ணுக்கு மட்டும். நம் ஊரில் நேர் எதிர்: வீட்டைப் பெரிதாகக் கட்டினால் சொத்து வரி ஏறும். காலிமனைக்கும் வரி உண்டு, ஆனால் பேருக்கு. வாங்கும்போது மட்டும் முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் வாங்கிவிடுகிறார்கள். வைத்திருப்பது மலிவு, கைமாற்றுவது செலவு. பதுக்குகிறவருக்கு இதைவிட வசதி வேண்டுமா?

உங்களுக்குப் பயம் வேண்டாம். மரம் வைத்துப் பால் வெட்டுகிற ரப்பர் தோட்டத்துக்கு விவசாய மதிப்பில்தான் வரி போட வேண்டும். குலசேகரம் சந்தை முக்கில் பூட்டிக்கிடக்கும் இடத்துக்கு வேறு கணக்கு.

துபாயிலிருந்து, சொந்த ஊர் கருங்கல்: ஒற்றிக்கு வீடு எடுக்கலாமா? ஐந்து லட்சம் கொடுத்தால் மூன்று வருடம் வாடகை இல்லை என்கிறார்கள்.

வாடகை இல்லை என்று யார் சொன்னது? ஐந்து லட்சத்தை வங்கியில் போட்டால், வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வருடம் 35 ஆயிரம். மாதம் சுமார் 2,900. அதுதான் நீங்கள் தரும் வாடகை. அதே தரத்து வீடு அந்தத் தெருவில் 6,000க்கு ஓடினால் உங்களுக்கு லாபம்தான், எடுக்கலாம். வீட்டுக்காரர் ஏன் சம்மதிக்கிறார்? அந்த ஐந்து லட்சத்தை 2 வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்க்கு, விட்டால் அவருக்கு வருடம் 1 லட்சத்து 20 ஆயிரம். அல்லது அதை முன்பணமாகப் போட்டு இன்னொரு மனை பிடிப்பார். இரண்டிலும் ஆபத்து உங்கள் பணத்துக்கு. மூன்று வருடம் கழித்து அவர் வேறு ஒருவரிடம் ஒற்றிப் பணம் வாங்கித்தான் உங்களுக்குத் தருவார். அந்த ஆள் கிடைக்கும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

மூலப்பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். நகல் காட்டி "அசல் பெட்டியில் இருக்கு" என்றால் பெரும்பாலும் அது வங்கிப் பெட்டி. வில்லங்கச் சான்று போடுங்கள். வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருந்தால், ஏலம் என்று வரும்போது வங்கிக்குப் பிறகுதான் நீங்கள். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைப்பது போதாது. அனுபவ ஒற்றியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பதிவுச் செலவை யார் தருவது என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசி முடியுங்கள்.